குகைப் பயணத்துக்கு எந்த ஜீப்? மதுரைச் சுற்றுவட்டாரப் பாதைகளை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

குகைக்குள் இருக்கும்போது வெளியே மழை பெய்வது தெரியாது. காலையில் புழுதி பறக்க வந்த வண்டிப்பாதை, மாலை ஆறு மணிக்கு வெளியே வந்து பார்க்கும்போது சேறாகிக் கிடக்கும். ஆட்கள் களைத்திருப்பார்கள். கயிறும் உடுப்பும் நனைந்து எடை கூடியிருக்கும். யாருக்காவது கணுக்கால் பிசகியிருக்கலாம். ஓட்டுகிறவருக்கும் கண் சொருகும். போகிற பாதையைப் பார்த்து வண்டி வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த நேரத்தில்தான். திரும்புகிற பாதைக்கு வண்டி வாங்குங்கள். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

முதலில்: ஜீப் தேவைதானா?

மதுரையைச் சுற்றியுள்ள மலைகள் பெரும்பாலும் கிரானைட், நைஸ் வகைக் கெட்டிப் பாறை. சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்துக் குடையும் நீண்ட குகைகள் இந்தப் பாறையில் உண்டாவதில்லை. இங்கே இருப்பவை முன்தள்ளிய பாறைக்கு அடியிலுள்ள தாழ்வாரங்கள், சரிந்து அடுக்கிக் கிடக்கும் பெரும்பாறைகளுக்கு இடையிலான பொந்துகள், விரிசல் இடுக்குகள். நீண்ட குகை வேண்டுமென்றால் ஆந்திராவில் நந்தியால் மாவட்டத்துப் பேலம் குகை இருக்கிறது. நீளம் 3,229 மீட்டர். ஆனால் அது டிக்கெட் வாங்கி நுழையும் சுற்றுலாத் தலம், நல்ல சாலை போகிறது, சாதாரணக் கார் போதும். மேகாலயாவுக்கு மதுரையிலிருந்து 3,000 கி.மீ.க்கு மேல். அங்கே போய் உள்ளூர் வண்டியை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுப்பதே சரி.

கீழக்குயில்குடி சமணர் மலை, கொங்கர் புளியங்குளம், அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு, வரிச்சியூர் ஆகிய இடங்களிலுள்ள கற்படுக்கைக் குகைகளுக்கும் ஜீப் வேண்டியதில்லை. ஊர்வரை சாலை இருக்கிறது, அதற்குமேல் நடைதான். இவை தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கையும் உள்ள தொன்மையான இடங்கள். அரிட்டாபட்டி 2022 முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகவும் இருக்கிறது. மலையடிவாரத்துத் தட்டைப் பாறையில் வண்டியை ஏற்றி நிறுத்துவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டாயிரம் ஆண்டு நின்ற எழுத்தும் படுக்கையும் உள்ள பாறை அது, டயருக்கும் எண்ணெய்க் கசிவுக்கும் உரியதல்ல.

ஜீப் உண்மையிலேயே தேவைப்படுவது சிறுமலை, நத்தம் பக்கத்து மலையடிவாரங்கள், வருசநாடு, போடி மலைப்பக்கம் போன்ற இடங்களில். அங்கேயும் ஒரு கேள்வி முன்னே நிற்கிறது: வனத்துறை உங்கள் வண்டியை எதுவரை விடும்? 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் 23 பேர் உயிரிழந்த பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். அனுமதி கிடைத்தாலும் வண்டி பெரும்பாலும் சோதனைச்சாவடியோடு நின்றுவிடும். சாவடிவரை சாலை நன்றாக இருந்தால் பதினைந்து லட்ச ரூபாய் வண்டிக்கு வேலையே இல்லை. வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வண்டிக் கடைக்குப் போங்கள்.

அடுத்தது: கடைசி மூன்று கிலோமீட்டரை நடந்து அளவெடுங்கள்

ஒரு டேப், இரண்டு மீட்டர் கம்பு, சரிவுமானி உள்ள கைபேசி, நோட்டு. இவ்வளவு போதும். நீங்கள் அதிகம் போகக்கூடிய இரண்டு மூன்று பாதைகளின் கடைசிப் பகுதியை நடந்தே பாருங்கள். குறித்துக்கொள்ள வேண்டியவை: மிகக் குறுகலான இடத்தின் அகலம், இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவிலுள்ள மேட்டின் உயரம், ஓடை இறக்கத்தின் சரிவு, வண்டியைத் திருப்பக்கூடிய இடங்கள், மண்ணின் வகை.

அகலம் பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. மாருதி ஜிம்னியின் அகலம் 1,645 மி.மீ. மஹிந்திரா தார் 1,820 மி.மீ. இரண்டு பக்கமும் 30 செ.மீ. விட்டால் ஜிம்னிக்கு இரண்டேகால் மீட்டர், தாருக்கு ஏறக்குறைய 2.4 மீட்டர் வேண்டும். கண்மாய்க் கரையில் இந்த வித்தியாசமே எல்லாவற்றையும் முடிவுசெய்யும். கரையின் ஓரம் பார்க்கக் கெட்டியாக இருக்கும். கண்மாய் நிறைந்த மாதங்களில் உள்ளே ஊறியிருக்கும். வெளிச்சக்கரம் விளிம்பில் ஏறியதும் கரை சரியும், வண்டி பக்கவாட்டில் உட்காரும். கரையில் எப்போதும் நடுவில்தான் ஓட்ட வேண்டும்.

தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதையில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை, பாதையிலிருந்து எவ்வளவு தூரம் என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். இரவில் வண்டியைத் திருப்பும்போது பின்னால் தரைமட்டக் கிணறு இருப்பது கண்ணாடியில் தெரியாது. அந்தப் பாதையில் இரவு பின்னே எடுக்க வேண்டிவந்தால் ஒருவர் கட்டாயம் இறங்கி, விளக்கோடு பின்னால் நின்று வழி சொல்ல வேண்டும்.

மண்ணைப் பொறுத்தவரை மேலூர், நத்தம் பக்கம் செம்மண்ணும் சரளையும். மழையில் மேல்பகுதி வழுக்கும், ஆனால் ஓரிரு அங்குலத்துக்குக் கீழே கெட்டி. பூ ஆழமான டயர் அதைப் பிடித்துக்கொள்ளும். திருமங்கலத்துக்குத் தெற்கே போகப்போகக் கரிசல். கரிசல் வேறு கதை. நனைந்த கரிசல் டயர்ப் பூவுக்குள் அப்பி, டயரை வழுவழுப்பான உருளையாக்கிவிடும். பிறகு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துச் சக்கரத்தையே சுழலவிடாது. நான்கு சக்கரமும் சுழலும் வண்டி நான்கு சக்கரத்திலும் அப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். கரிசலில் மழை பெய்துவிட்டால் தீர்வு வண்டியில் இல்லை. வெயிலடித்துக் காயும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குத் தேவையான தண்ணீரும் சாப்பாடும் வண்டியில் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரிசல் பாதைகளைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுவது நல்லது.

எடைக் கணக்கு

வண்டித் தேர்வில் மிக அதிகமாகப் பிழை நடப்பது இங்கேதான். எல்லோரும் குதிரைத்திறனைப் பார்க்கிறார்கள், எவ்வளவு சுமக்கலாம் என்று பார்ப்பதில்லை. ஆர்.சி.யிலும் கையேட்டிலும் இரண்டு எண்கள் இருக்கும்: வெற்று எடை, மொத்த அனுமதி எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. ஓட்டுநரும் அதில் அடக்கம்.

ஐந்து கதவு ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். வெற்று எடை 1,200 கிலோ அளவு, மொத்த அனுமதி எடை 1,545 கிலோ. மிச்சம் சுமார் 345 கிலோ. இரண்டு நாள் பயணத்துக்கு மூன்று பேர் போவதாகக் கணக்கிடுங்கள். ஆட்கள் 210 கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று தண்ணீர் 24. நனைந்த நிலையில் 60 மீட்டர் கயிறு இரண்டு, 12. ஹெல்மெட், ஹார்னஸ், விளக்கு, உடுப்பு ஆளுக்கு 9 வீதம் 27. காரபினர் (கயிற்றை மாட்டும் கொக்கி வளையம்), பட்டை, ஆங்கர் (கயிற்றைப் பாறையில் கட்டும் பிடிமானம்) சாமான்கள் 8. முதலுதவியும் மடக்கு ஸ்ட்ரெச்சரும் 8. சாப்பாடும் அடுப்பும் 6. வண்டியை மீட்கும் சாமான்கள் 25. கம்ப்ரசரும் கருவிகளும் 12. படுக்கை, தார்ப்பாய் 15. கூட்டினால் 347. ஜிம்னி மூன்று பேரோடு விளிம்புக்கு வந்துவிட்டது. நான்காவது ஆள் ஏறினால் அனுமதி எடையைத் தாண்டும்.

தாண்டினால் என்ன ஆகும்? ஸ்பிரிங் அமுங்கி, தரைக்கும் வண்டியின் அடிக்கும் நடுவிலுள்ள இடைவெளியான கிரவுண்ட் கிளியரன்ஸ் குறையும். விளம்பரத்தில் எழுதிய 210 மி.மீ. உங்கள் பாதையில் இருக்காது. மலை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். கல்லில் மோதும் டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிக் கிழியும். குகைக்குழு எப்போதும் முழுச் சுமையோடு போகும் குழு என்பதால் இது எப்போதாவது நடப்பதல்ல, ஒவ்வொரு பயணத்திலும் நடப்பது.

சுமை மிஞ்சினால் கூரைமேல் ஏற்றலாம் என்று தோன்றும். கூரைச் சுமை வண்டியின் எடை மையத்தை உயர்த்தும். பக்கச்சரிவில் கவிழ்வதற்கு அதுவே முதல் காரணம். பாய், காலி டிரம் போன்ற லேசான சாமான்கள் மட்டும் மேலே போகட்டும். தண்ணீர், கயிறு, கருவி எல்லாம் பின்சக்கரத்துக்கு முன்னால், தரையோடு, பட்டை போட்டு இறுக்கி இருக்க வேண்டும்.

ஃபோர் வீல் டிரைவும் லோ கியரும்

நான்கு சக்கரத்துக்கும் விசை போனால் மட்டும் போதாது. ஃபோர்-லோ என்னும் குறைவேக கியர் கட்டாயம் வேண்டும். எடுத்துக்காட்டுக்கு முதல் கியர் விகிதம் 4, லோ விகிதம் 2.5, ஆக்சில் விகிதம் 4 என்று வைத்துக்கொண்டால் பெருக்கினால் 40. எஞ்சின் 40 சுற்று சுற்றினால் சக்கரம் 1 சுற்று. எஞ்சின் ஐடிலில் 800 சுற்றில் ஓடும்போது சக்கரம் நிமிடத்துக்கு 20 சுற்று. டயரின் சுற்றளவு 2.3 மீட்டர் என்றால் வேகம் மணிக்கு 3 கி.மீ.க்கும் குறைவு, நடப்பதைவிட மெதுவு. ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் கல்லுக்குக் கல் ஊர்ந்து இறங்கலாம், பிரேக்கும் அதிகம் தேவைப்படாது. களைத்த ஓட்டுநருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை. நகரத்து எஸ்யூவிகளில் வரும் ஆல் வீல் டிரைவில் பெரும்பாலும் லோ கியர் இருக்காது. குகைப் பாதைக்கு அவை சரிவராது.

வாங்கும்போது ஏமாறக்கூடிய ஓர் இடம்: தாரில் பின்சக்கர இயக்கம் மட்டுமுள்ள வகைகளும் இருக்கின்றன. வெளித்தோற்றம் ஒன்றேபோல் இருக்கும். ஐந்து கதவுள்ள தார் ராக்ஸில் ஃபோர் வீல் டிரைவ் டீசலில்தான் வருகிறது. கியர் பக்கத்தில் இரண்டாவது லீவர் இருக்கிறதா, அதில் ஃபோர்-லோ இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

அடுத்து டிஃபரன்சியல், அதாவது ஒரே அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களையும் வேறுவேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரப் பெட்டி. ஓடையைக் குறுக்காகக் கடக்கும்போது ஒரு முன்சக்கரமும் எதிர்மூலைப் பின்சக்கரமும் அந்தரத்தில் நிற்கும். சாதாரண டிஃபரன்சியல், எளிதாகச் சுழலும் சக்கரத்துக்கே சுழற்சியைக் கொடுக்கும். அந்தரத்தில் நிற்கும் இரண்டும் சுழலும், தரையிலுள்ள இரண்டும் சும்மா நிற்கும். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் கையால் பூட்டும் டிஃப் லாக் உண்டு. பூட்டினால் இரண்டு பக்கமும் சேர்ந்தே சுழலும். ஜிம்னியில் சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தி மற்றதற்கு விசையைத் தள்ளும் முறை. அது வேலைசெய்யச் சக்கரம் கொஞ்சம் சுழல வேண்டும், அதனால் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடாமல் சீராக மிதித்திருக்க வேண்டும். தொடர்ந்து பயன்படுத்தினால் பிரேக் சூடாகும். டிஃப் லாக் போட்ட நிலையில் திருப்பாதீர்கள், கடந்ததும் எடுத்துவிடுங்கள்.

இந்த வண்டிகளிலுள்ள ஃபோர் வீல் டிரைவ், காய்ந்த சாலைக்கானதல்ல. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறுவேறு தூரம் ஓடும். காய்ந்த தரையில் வழுக்கிச் சரிசெய்ய முடியாமல் பல்சக்கரங்கள் முறுக்கேறி லீவர் சிக்கிக்கொள்ளும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் டூ வீல் டிரைவிலேயே ஏறுங்கள். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர்.

வண்டி வண்டியாக எங்கள் தீர்ப்பு

முழுக்குழுவும் சாமானும் ஒரே வண்டியில் போக வேண்டுமென்றால் ஐந்து கதவு கூர்க்கா. இரண்டு டிஃப் லாக், தொழிற்சாலையிலேயே பொருத்திய ஸ்நார்க்கல் (எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்), தயாரிப்பாளர் சொல்லும் நீர்க்கடப்பு ஆழம் 700 மி.மீ. நீண்ட வண்டி என்பதால் வளைவுகளில் கூடுதல் இடம் கேட்கும். சர்வீஸ் சென்டர் உங்களுக்கு எவ்வளவு தூரத்தில் என்பதை வாங்கும் முன் பாருங்கள்.

மூன்று கதவு தார் டீசல், இரண்டு பேரும் முழுச் சாமானும் என்றால் மிகச் சிறந்தது. கிரவுண்ட் கிளியரன்ஸ் 226 மி.மீ., முன்கோணம் (முன்பக்கம் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு) ஏறக்குறைய 41 டிகிரி, நீர்க்கடப்பு 650 மி.மீ. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் பாகங்களும் சிறிய ஊர்களிலும் கிடைக்கும் என்பது மலைப்பக்கத்தில் பெரிய பலம். நான்கு பேர் உட்கார்ந்துவிட்டால் பின்னால் ஒரு கயிற்றுப் பைக்குக்கூட இடம் பிடிக்க வேண்டும், அதை மறக்க வேண்டாம்.

ஜிம்னி குறுகிய பாதைக்கும் கண்மாய்க் கரைக்கும். லேசான வண்டி புதைவது குறைவு, புதைந்தால் நான்கு பேர் தள்ளியே எடுக்கலாம். 40 லிட்டர் டாங்கிதான், லோ கியரில் பெட்ரோல் வேகமாகக் கரையும். இரண்டு வண்டியாகப் போகும் குழுவுக்கு இரண்டாவது வண்டி இதுவாக இருக்கலாம்.

ஃபோர் வீல் டிரைவ் உள்ள பொலேரோ கேம்பர் போன்ற பிக்கப்பை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. ஆனால் அடிபட்டவரைப் படுக்கவைக்க அதைவிட வசதியான வண்டி கிடையாது. சேற்றுச் சாமான்களும் ஆட்களிடமிருந்து தனியாகப் போகும்.

ஆண்டுக்கு மூன்று நான்கு பயணங்கள்தான் என்றால் வாங்கவே வேண்டாம். போடி, வருசநாடு பக்கங்களில் எஸ்டேட் பாதைகளில் தினமும் ஓடும் பழைய ஜீப்புகளை ஓட்டுநரோடு எடுங்கள். பாதையின் ஒவ்வொரு கல்லும் அவர்களுக்குத் தெரியும். கடைசி இரண்டு கிலோமீட்டர் மட்டும் மோசம் என்றால் ஊரில் டிராக்டர் கேட்டு டிரெய்லரில் சாமானை ஏற்றி அனுப்பி, ஆட்கள் நடந்து போங்கள். டிராக்டர் மட்கார்டில் யாரும் உட்காரக் கூடாது.

டீசலா பெட்ரோலா என்பதில் ஒரு விஷயம். புதிய பிஎஸ்-6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. மெதுவாகவும் குறைந்த தூரமும் மட்டுமே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். சூடாகிக் கரியை எரித்துச் சுத்தமாக, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் அவ்வப்போது இருபது முப்பது நிமிடம் ஓட வேண்டும். அப்படிச் சுத்தமாகும் நேரத்தில் வண்டியின் அடிப்பக்கம் கடுமையாகச் சூடாகும். எந்த வண்டியானாலும் பிப்ரவரி முதல் மே வரை காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள். மொட்டைப் பாறையோ வெறும் மண்ணோ பார்த்து நிறுத்துங்கள்.

டயர்

மதுரை மாவட்டத்தில் வண்டியை நிறுத்துவது கல்லைவிட அதிகமாகச் சீமைக்கருவேல முள்தான். வெட்டிப்போட்ட வேலியும் முள்கட்டும் பாதையெங்கும் கிடக்கும். முள் குத்தி உள்ளேயே ஒடிந்துவிடும். உடனே காற்று இறங்காது. குகைக்குள் நீங்கள் இருக்கும் எட்டு மணி நேரத்தில் மெதுவாக இறங்கியிருக்கும். ஆகவே நிறுத்தியதும் நான்கு டயரையும் கையால் தடவிப் பாருங்கள், காற்றளவு குறித்து வையுங்கள், வெளியே வந்ததும் மறுபடி பாருங்கள். பிளக் (ஓட்டையை அடைக்கும் ரப்பர் பட்டை) போடத் தயாராகும்வரை முள்ளைப் பிடுங்காதீர்கள், அதுவரை அதுவே அடைப்பு. பிளக் கிட்டில் குறைந்தது 15 பட்டை இருக்கட்டும். பக்கச்சுவரில் குத்தினால் பிளக் நிற்காது. ஸ்டெப்னிதான்.

சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஏடி (ஆல் டெரெய்ன்) வகை டயரே இங்கே பொருத்தம். எம்டி (மட் டெரெய்ன்) வகை சேற்றில் நன்று, ஆனால் குகைக்குப் போகும் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நல்ல சாலை. ஈரச் சாலையில் எம்டி பிடிப்புக் குறைவு, பிரேக் தூரம் கூடும். மேலூர்ப் பக்கக் குவாரிப் பாதைகளில் உடைகல் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். பக்கச்சுவர் தடித்த டயர் வாங்குங்கள். ஸ்டெப்னியும் அதே அளவு, அதே வகை.

காற்றைக் குறைப்பது செலவில்லாமல் கிடைக்கும் பெரிய மாற்றம். சாலையில் தயாரிப்பாளர் சொன்ன அளவு. கல் பாதையில் 22 முதல் 25 பிஎஸ்ஐ. செம்மண் சேற்றில் 18 முதல் 22. வைகை, ஓடை மணலில் 15 முதல் 18. இந்த அளவுகளில் வேகம் 30 கி.மீ.க்குள், கூர்மையான திருப்பம் கூடாது, இல்லாவிட்டால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். சாலைக்கு வந்ததும் மறுபடி அடிக்க வேண்டும். அதனால் 12 வோல்ட் கம்ப்ரசர் அவசியம். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னது பெரிய டயருக்குத் திணறி, ஃப்யூஸையும் எரிக்கும். பேட்டரியில் நேரடியாகக் கிளிப் போடும் வகையை வாங்குங்கள். எஞ்சின் ஓட்டத்தில் இருக்கும்போதே அடியுங்கள்.

குகைச் சாமானும் வண்டியும்

ஆஃப்ரோடு வழிகாட்டிகளில் காணாத பகுதி இது. கூடுதல் கவனத்தோடு படியுங்கள்.

குகைக் கயிறு நைலான். பேட்டரி அமிலம் பட்டால் நைலான் பலம் இழக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கை வைத்தாலும் புதிதுபோலவே இருக்கும். ஜம்ப் ஸ்டார்ட் கேபிள், பழைய பேட்டரி, பேட்டரி வைத்திருந்த அட்டைப்பெட்டி எதுவும் கயிற்றுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. டீசல் கேன், எண்ணெய்த் துணி, ஜாக்கி ஆகியவற்றுக்கும் தனி இடம். கயிற்றுக்கு மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம் ஒன்று ஒதுக்கி, அதில் வேறெதையும் போடாதீர்கள்.

அந்தக் கயிற்றால் வண்டியை ஒருபோதும் இழுக்காதீர்கள். ஒருமுறை இழுத்தாலும் அது ஆள் தொங்கும் வேலைக்கு உதவாது, வெட்டிப்போட வேண்டியதுதான். வண்டியில் கயிறு கட்டி ஆள் இறங்குவதும் கடைசி வழியாகவே இருக்க வேண்டும். வேறு ஆங்கரே இல்லையென்றால்: எஞ்சின் நிறுத்தம், சாவி கையில், ஹேண்ட் பிரேக், கியரில், நான்கு சக்கரத்துக்கும் கல் அடை, கயிறு சேசிஸில் மட்டும். பம்பரில் கூடாது. சூடான புகைக்குழாய்ப் பக்கம் கயிறு போகக் கூடாது.

குகை வாசலில் எஞ்சினை ஓடவிட்டு நிற்காதீர்கள். உள்ளும் வெளியும் வெப்பம் மாறுவதால் குகை காற்றை உள்ளிழுக்கும், வெளிவிடும். உள்ளிழுக்கும் நேரத்தில் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே இருப்பவர்களிடம் போய்ச்சேரும். வெளவால்களுக்கும் சத்தமும் ஹெட்லைட்டும் பெரும் தொல்லை. வாசலிலிருந்து நன்றாகத் தள்ளி, காற்று உங்களிடமிருந்து வாசலை நோக்கி வீசாத பக்கத்தில் நிறுத்துங்கள். வெளவால் எச்சம் ஒட்டிய உடுப்பைத் தனி டிரம்மில் மூடி எடுத்துவாருங்கள். காய்ந்து தூளானால் மூடிய காருக்குள் எல்லோரும் அதைச் சுவாசிப்பீர்கள், அதிலுள்ள பூஞ்சை நுரையீரல் நோய் தரக்கூடியது.

ஷோரூமுக்கு டேப் கொண்டுபோங்கள். பின்சீட்டை மடித்து, முன்பக்கத்துப் பயணி சீட்டையும் சாய்த்து அளந்து பாருங்கள். 190 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலத்துக்குத் தட்டையான இடம் வர வேண்டும், பக்கத்தில் ஒருவர் உட்கார இடமும் வேண்டும். 108 ஆம்புலன்ஸ் கண்மாய்க் கரையைத் தாண்டி வராது. நல்ல சாலைவரை அடிபட்டவரைக் கொண்டுவருவது உங்கள் வண்டிதான். இந்த அளவு வராத வண்டி என்றால் குழுவின் இரண்டாவது வண்டியிலாவது வர வேண்டும்.

மீட்புச் சாமான்

மண்வெட்டி, சின்னக் கடப்பாரை, டயருக்கு அடியில் போடும் டிராக்ஷன் போர்டு இரண்டு, 9 மீட்டர் நீளம் 22 மி.மீ. தடிமன் கைனடிக் கயிறு (இழுக்கும்போது நீண்டு சுருங்கும் கயிறு), 3.25 டன் என்று பொறித்த ஷாக்கல் (கயிற்றை வண்டியோடு இணைக்கும் வளையம்) இரண்டு, ஜாக்கிக்கு அடியில் வைக்க 30 செ.மீ. சதுரமும் 18 மி.மீ. தடிமனும் உள்ள பிளைவுட். பலகை இல்லாமல் சேற்றில் ஜாக்கி போட்டால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்.

புதைந்ததும் ஆக்சிலேட்டரை மிதிப்பதே பெரும்பாலானோர் செய்யும் பிழை. ஒவ்வொரு சுழற்சியும் குழியை ஆழமாக்கி, ஆக்சிலை மண்ணில் உட்காரவைக்கும். முன்னேறவில்லை என்று தெரிந்த நொடியில் நிறுத்துங்கள். இறங்குங்கள். காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். சக்கரத்துக்கு முன்னும் வண்டியின் அடிவயிற்றிலும் தோண்டுங்கள். போர்டு போட்டு ஃபோர்-லோவில் மெதுவாக எடுங்கள். பத்தில் எட்டு தடவை இதுவே போதும்.

இழுக்க வேண்டி வந்தால் சேசிஸில் உள்ள கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மாட்டினால் அது முறிந்து துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும். ஆள் சாகும் விபத்து அது. கயிற்றின் நடுவில் நனைத்த சாக்கைப் போடுங்கள். கயிற்று நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. ஊர் டிராக்டரைக் கூப்பிட்டாலும் இதே விதி. வந்தவருக்கு டீசலுக்கும் நேரத்துக்கும் தாராளமாகக் கொடுங்கள்.

மறுகால் பாயும் தரைப்பாலத்தில் வண்டியின் நீர்க்கடப்பு ஆழத்தை நம்பாதீர்கள். அந்த எண் நின்ற தண்ணீருக்கானது. ஓடும் தண்ணீர் அரை மீட்டர் இருந்தாலே வண்டியை நகர்த்திவிடும். நடந்து கடக்க முடியாததை ஓட்டிக் கடக்காதீர்கள்.

மாற்றங்கள், பழைய வண்டி

ஸ்ப்ரிங்கை உயர்த்துவது, அளவை மீறிய டயர், முன்னால் இரும்புத் தடுப்பு ஆகியவற்றில் சட்டச் சிக்கல் உண்டு. தயாரிப்பு வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இரும்புத் தடுப்புக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய அரசு உத்தரவிட்டது. அது ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் கெடுக்கும். அந்தப் பணத்தை டயரிலும் அடித்தகடுகளிலும் போடுங்கள்.

பழைய வண்டி என்றால் முதலில் அடியில் படுத்துப் பாருங்கள். சேசிஸில் புதிதாகப் பெயின்ட் அடித்த இடம் வெல்டிங்கை மறைக்கும் இடமாக இருக்கலாம். முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைச் சுற்றி எண்ணெய்க் கசிவு, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் திருகிப் பாருங்கள். பிறகு மண் தரையில் ஃபோர்-லோ போட்டு, முன்சக்கரம் உண்மையில் இழுக்கிறதா பாருங்கள். ஆண்டுக்கணக்கில் லீவரைத் தொடாத வண்டியில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும். விற்பவர் “தேவைப்பட்டதே இல்லை” என்று சொன்னால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாங்கிய பின் முதல் மாதம்

காய்ந்த கண்மாயிலோ சொந்தக்காரர் தரிசிலோ முழுச் சுமையோடு ஒருநாள் ஓட்டுங்கள். குழுவில் ஓட்டத் தெரிந்த எல்லோரும் ஃபோர்-லோ போட்டுப் பழக வேண்டும்: வண்டி நிற்க வேண்டும், நியூட்ரல், கிளட்ச், பிறகு லீவர். இருட்டில் ஸ்டெப்னி மாற்றிப் பழகுங்கள்.

பயண நாளில் வண்டியை வெளியேறும் திசை பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டு உள்ளே போங்கள். சாவியைக் குகைக்குள் கொண்டுபோகாதீர்கள். இடுக்கில் ஊரும்போது பையிலிருந்து விழுந்தால் கிடைக்காது, ரிமோட் சாவி நனைந்தால் வேலைசெய்யாது. வண்டிக்கு வெளியே, குழுவில் எல்லோருக்கும் தெரிந்த ஓரிடத்தில் கல்லுக்கு அடியில் வையுங்கள். வெளியே காத்திருப்பவருக்கு அந்த இடமும் ஃபோர்-லோவும் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை மணிக்குள் வெளியே வருவார்கள், அதற்குமேல் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிய தாள் ஒன்று டேஷ்போர்டில், இன்னொன்று அடிவார ஊரில் பேசிவைத்த வீட்டில்.